நாலு முறை நான், ஒரு முறை அவள்

ஆறு பக்கக் கடிதம். பெயர், ஊர் அடையாளங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வாசகிக்கு 43 வயது. சென்னைப் புறநகரில் அடுக்குமாடிக் குடியிருப்பு, தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை, ஏழாம் வகுப்பு படிக்கும் மகன். கல்லூரி விடுதியில் மூன்று ஆண்டு ஒரே அறையில் இருந்த தோழி இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார். இருபது ஆண்டுக்கு மேற்பட்ட நட்பு. “எப்பவும் நான்தான் கூப்பிடுகிறேன். நாலு முறை நான், ஒரு முறை அவள். பொங்கலுக்கு அப்புறம் நானாகக் கூப்பிடக் கூடாது என்று இருந்து பார்த்தேன். 58 நாள் ஆகிவிட்டது. நடுவில் ஒரு குட்மார்னிங் ஃபார்வர்ட் வந்தது, அவ்வளவுதான்” என்று எழுதியிருக்கிறார். கணவரிடம் சொன்னால், “சொந்தபந்தம் எல்லாம் இருக்கும்போது இந்த வயசுல ஃபிரெண்டுக்காக யாராவது அழுவாங்களா?” என்கிறாராம். போதாக்குறைக்கு, நட்பு என்பதே மரபணுக்கள் நடத்தும் கொடுக்கல் வாங்கல், எல்லாம் சுயநலம் என்று யூடியூபில் ஒருவர் பேசியதைக் கேட்டிருக்கிறார். “அப்படியென்றால் அந்த மூன்று வருஷமும் பொய்யா? இவளை விட்டுவிடலாமா? இனிமேல் எனக்கு ஒரு தோழி கிடைப்பாளா?” என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, விடுதி மொட்டைமாடி. ஒருவருக்கொருவர் தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டு, குளித்து முடித்து முடி காய்ந்ததும் அவர் உங்களுக்குச் சிக்கெடுத்துப் பின்னல் போடுவார். “அவள் விரல் தலையில் பட்டாலே தூக்கம் வந்துவிடும்” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் முதல் கேள்விக்கு அந்த மொட்டைமாடியிலிருந்தே பதில் சொல்லத் தொடங்கலாம்.

கோயில் மண்டபங்களில் குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பேன் எடுப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் அவ்வளவு நேரம் தேவையே இல்லை. சில குரங்கினங்கள் பகல் பொழுதில் ஐந்தில் ஒரு பங்குவரை இதற்கே செலவிடுகின்றன. தோலை மெதுவாக வருடும்போது உடலில் எண்டார்ஃபின் சுரக்கிறது. அதனால் பதற்றம் தணிகிறது, கண் சொக்குகிறது, பக்கத்தில் இருப்பவர்மேல் நம்பிக்கை வருகிறது. மனிதக் கூட்டம் பெரிதானபோது எல்லோருக்கும் பேன் பார்க்க நேரம் போதவில்லை, அந்த வேலையைச் சிரிப்பும் பாட்டும் ஊர்க்கதையும் எடுத்துக்கொண்டன என்பது இங்கிலாந்தின் பரிணாம உளவியலாளர் ராபின் டன்பார் முன்வைக்கும் கருத்து. எல்லோரும் இதை ஏற்கவில்லை. ஆனால் திண்ணையில் உட்கார்ந்து பேன் பார்த்தபடியே ஊர்க்கதை பேசிய நம் பாட்டிமார்களை நினைத்தால் எனக்கு அவரோடு சண்டை போடத் தோன்றுவதில்லை.

இதனால் என்ன லாபம் என்று கேட்டால், கென்யாவின் அம்போசெலியில் வாழும் பபூன் குரங்குகள் ஒரு பதில் வைத்திருக்கின்றன. அவற்றைப் பற்றிய 16 ஆண்டுப் பதிவுகளை வைத்து ஜோன் சில்க், சூசன் ஆல்பர்ட்ஸ், ஜீன் ஆல்ட்மன் ஆகிய மூவரும் 2003-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மற்றவற்றோடு நெருங்கிப் பழகும் பெண் குரங்குகளின் குட்டிகள் ஒரு வயதைத் தாண்டிப் பிழைப்பது அதிகமாக இருந்தது. கூட்டத்தில் அந்தத் தாய்க்கு மேல்நிலையா கீழ்நிலையா என்பது அங்கே பெரிய விஷயமாக இல்லை. ஆக, பழகத் தெரிந்தவர்களின் வம்சம் தழைத்தது. நீங்களும் நானும் அப்படிப்பட்டவர்களின் பேத்திகள்தான்.

சுயநலம் என்று சொன்னவர் விட்டுவிட்டது

யூடியூபில் பேசியவர் முழுப்பொய் சொல்லவில்லை. பாதியில் நிறுத்திவிட்டார். 1971-ல் ராபர்ட் டிரைவர்ஸ் என்ற உயிரியலாளர், உறவில்லாதவர்களிடையே உதவி எப்படி நிலைக்க முடியும் என்று விளக்கினார். இன்று நான் செய்வதை என்றாவது நீ திருப்பிச் செய்தால் இருவருக்குமே நல்லது என்பது அதன் சாரம். 1984-ல் ஜெரால்ட் வில்கின்சன் அதற்கு ஓர் உயிருள்ள உதாரணம் தந்தார். கோஸ்டாரிகாவில் இரத்தம் குடிக்கும் வௌவால்கள் உண்டு. தொடர்ந்து இரண்டு மூன்று இரவு இரை கிடைக்காவிட்டால் அவை செத்துவிடும். வயிறு நிறைந்த வௌவால் பட்டினியாகத் திரும்பியதற்குத் தன் வாயிலிருந்து கக்கி ஊட்டுகிறது. பெற்ற குட்டிக்கு மட்டும் ஊட்டவில்லை. உறவே இல்லாத, ஆனால் கூடவே தங்கிப் பழகிய வௌவாலுக்கும் ஊட்டுகிறது.

சரி, இது கொடுக்கல் வாங்கல்தானே என்பீர்கள். இங்கேதான் அந்த மனிதர் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிவிட்டார். ஓர் உணர்வு எந்தப் பயனால் நம்மிடம் வந்து நிலைத்தது என்பது ஒன்று. அந்த உணர்வோடு இருப்பவர் மனதில் என்ன ஓடுகிறது என்பது வேறொன்று. இனிப்பு நமக்குப் பிடிப்பதற்குக் காரணம், அதில் உடலுக்கு வேண்டிய சக்தி இருப்பது. அதற்காக உங்கள் மகன் கடலைமிட்டாயைக் கடிக்கும்போது கலோரி கணக்கா போடுகிறான்? அவனுக்கு அது இனிக்கிறது, அவ்வளவுதான். உங்கள் தோழி சிக்கெடுத்தபோதும் அப்படித்தான். அந்த மூன்று வருஷத்தில் எதுவும் பொய்யில்லை.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். நட்பு வெறும் கணக்காக இருந்தால் அது வேலைக்கே ஆகாது என்று 1996-ல் ஜான் டூபி, லீடா காஸ்மிடிஸ் என்ற தம்பதியர் எழுதினார்கள். நீங்கள் கணக்குப் பிரிவு என்பதால் உங்களுக்கு உடனே புரியும். வங்கி யாருக்குக் கடன் தரும்? திருப்பிக் கட்டும் வசதி உள்ளவருக்கு. நிஜமாகவே கையில் காலணா இல்லாதவரிடம், “ஷூரிட்டி யார்?” என்று கேட்கும். காட்டில் வாழ்ந்த நம் முன்னோரில் ஒருவருக்குக் கால் ஒடிந்தது என்று வையுங்கள். உதவி அவருக்கு மிக அவசியமாகத் தேவைப்படுவது அப்போதுதான். ஆனால் இனி அவரால் எதைத் திருப்பித் தர முடியும் என்று பார்த்தால், கணக்குப் பார்ப்பவர் கைவிட்டுவிட வேண்டிய நேரமும் அதுதான். அப்படியும் யார் பிழைத்தார்? “இவர் போனால் எனக்கு இன்னொருவர் கிடைக்க மாட்டார்” என்று நினைக்க ஒரு ஆள் இருந்தவர். அதனால்தான் வசதியான ஆளைத் தேடுவதைவிட, தன் இடத்தில் வேறொருவரை வைக்க முடியாது என்று நினைக்கும் ஆளைத் தேடும்படி நம் மனம் அமைந்தது என்கிறார்கள் இவர்கள்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வாருங்கள். அழைப்புகளின் எண்ணிக்கைக்காகவா 58 நாளாக அழுகிறீர்கள்? நான்காம் பக்கத்தில் அடித்து எழுதிய ஒரு வரி இருக்கிறது: “நான் இல்லாவிட்டால் அவளுக்கு ஒன்றும் குறையவில்லை போல.” வலிக்கும் இடம் அதுதான். கால் ஒடிந்தால் யார் வருவார் என்ற பழைய பயத்தின் இன்றைய முகம் அது. அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. சொந்தம் வேறு, நட்பு வேறு. பேச்சுவார்த்தை நின்றுபோனாலும் சொந்தத்தில் கல்யாணப் பத்திரிகை வீடு தேடி வந்துவிடும். நட்புக்கு அந்த வசதி இல்லை. பேசாமல் விட்டால் சொந்தத்தைவிட நட்பு வேகமாகத் தேயும் என்பது டன்பாரும் அவர் கூட்டாளிகளும் பார்த்த விஷயம். “இந்த வயசுல” என்று அவர் சொல்வதற்கும் ஒரு பதில் உண்டு. 2010-ல், மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்களை உள்ளடக்கிய 148 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உறவும் நட்புமாக நல்ல துணை உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. வயதைப் பொறுத்து இதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இந்தப் பத்தியை அவரிடம் படித்துக் காட்டுங்கள், ஆனால் சண்டைக்கு ஆயுதமாக வேண்டாம்.

கையெழுத்துக்குக் கீழே இருந்த வரி

ஆலோசனை கேட்டு வருபவர்கள் என் அறையில் ஒரு மணி நேரம் எதையெதையோ பேசிவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது, “அப்புறம் மேடம், இன்னொண்ணு” என்பார்கள். பல நேரம் அவர்கள் வந்ததே அந்த இன்னொன்றுக்காகத்தான் இருக்கும். நீங்களும் ஆறு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு, அதற்குக் கீழே போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: “2023 ஜூனில் அவள் மகள் காலேஜ் ஃபீஸுக்கு 40,000 ரூபாய் ஜிபே பண்ணினேன். அவளும் பேச்சை எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அது ஒரு பிரச்சினை இல்லை.”

மூன்றாம் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். “முன்பெல்லாம் இப்படி இல்லை, இரண்டரை வருஷமாகத்தான் அவள் கூப்பிடுவது குறைந்தது” என்று உங்கள் கைப்படவே எழுதியிருக்கிறீர்கள். அவர் கணவரின் லேத் பட்டறையில் ஆர்டர் சரியில்லை என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. தேதிகளை ஒட்டிப் பார்க்க நீங்கள் மறந்துவிட்டீர்கள். நாள் முழுக்க அதையே வேலையாகச் செய்பவர்!

என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். ஆனால் கடன் வாங்கியவர் கடன் கொடுத்தவரின் அழைப்பைத் தள்ளிப்போடுவதற்கு முதல் காரணம் பெரும்பாலும் கூச்சம். ஒவ்வொரு முறை உங்கள் பெயர் திரையில் மின்னும்போதும் அந்த நாற்பதாயிரமும் சேர்ந்து மின்னும். எடுத்துப் பேசினால் “பணம் இன்னும் புரளல” என்று சொல்ல வேண்டும், அல்லது சொல்லாமல் மென்று விழுங்க வேண்டும். அதற்கு ஒரு குட்மார்னிங் படம் அனுப்புவது சுலபம். அந்த ஃபார்வர்டை நீங்கள் அவமானமாக எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது எட்ட நின்று தலையை ஒருமுறை தொட்டுப் பார்த்த மாதிரி இருக்கிறது.

மார்கரெட் கிளார்க், ஜட்சன் மில்ஸ் இருவரும் 1979-ல் சில சோதனைகள் செய்தார்கள். நெருங்கிப் பழக விரும்பும் ஒருவருக்கு நாம் உதவி செய்து, அவர் அதைச் சுடச்சுடத் திருப்பிச் செய்துவிட்டால், அவர்மேல் நமக்குள்ள பிடித்தம் குறைகிறது என்று தெரிந்தது. நமக்கு இது புதிதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து பாயசம் வந்தால் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டோம், ஆனால் பத்தே நிமிடத்தில் கேசரி கிண்டிக் கொண்டுபோய் நீட்டவும் மாட்டோம். நீட்டினால் முகத்தில் அடித்த மாதிரி. நட்பில் கணக்கு இருக்கிறது, அதை நாம் வேண்டுமென்றே சரியாக எழுதுவதில்லை. உங்கள் இருவருக்கும் நடுவில் கைமாற்று என்ற நோட்டு ஒன்று சத்தமில்லாமல் திறந்துகொண்டது. அதைப் பேசாததால் நீங்கள் அழைப்புகளை எண்ண ஆரம்பித்தீர்கள். கேட்க முடியாத கணக்குக்குப் பதில் கேட்க முடிகிற ஒரு கணக்கு.

முதலில் உங்களுக்குள் ஒன்றை முடிவு செய்யுங்கள். அந்தப் பணம் உங்களுக்குத் திரும்ப வேண்டுமா? வேண்டாம் என்றால் மனதார விட்டுவிடுங்கள், பிறகு ஒரு சண்டையில் எடுத்து வீசக் கூடாது. வேண்டும் என்றால், வேண்டும் என்று நினைப்பதில் ஒரு சின்னத்தனமும் இல்லை. நான் வக்கீல் இல்லை, நீங்களும் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை. இருந்தாலும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: திருப்பித் தரும் தேதி பேசாத கைமாற்றுக்கு, கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் பொதுவாக வழக்குத் தொடரும் காலவரம்பு. அதற்குள் அவர் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டாலோ, ஒரு பகுதியைத் திருப்பித் தந்து அதற்கு எழுத்துப் பதிவு இருந்தாலோ காலம் புதிதாகத் தொடங்கும். உங்கள் தேதிப்படி அது 2026 ஜூனில் முடிகிறது. இதைச் சொன்னது பயமுறுத்த இல்லை, பேசுவதை இன்னொரு வருஷம் தள்ளிப்போடாமல் இருக்க.

பேசுவதென்றால் எப்படி

கூப்பிடாமல் இருந்து பார்க்கும் சோதனையை நிறுத்துங்கள். அந்தப் பரீட்சையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு: எழுதுபவருக்குத் தான் எழுதுகிறோம் என்றே தெரியாது. அவர் தரப்பில், “பொங்கலுக்கு அப்புறம் இவளும் கூப்பிடல, பணத்துக்காகக் கோபமா இருக்கா போல” என்று ஓடிக்கொண்டிருந்தால்?

நேராக அழைக்கக் கூச்சமாக இருந்தால் ஒரு வாய்ஸ் மெசேஜ் போதும். உங்கள் பேச்சிலேயே இருக்கட்டும். நானாக இருந்தால் இப்படிச் சொல்வேன்: “ஏய், பொங்கல்லேருந்து நான் வேணும்னேதான் கூப்பிடல. நீ கூப்பிடறதே இல்லன்னு வருத்தம். இப்ப உன் குரலைக் கேக்கணும்போல இருக்கு. அந்தப் பணத்தை நினைச்சுதான் ஒதுங்கி இருக்கியான்னு தெரியல. அப்படின்னா வேண்டாம்டி, உனக்கு முடியறப்ப மாசம் கொஞ்சமா குடு. ஞாயித்துக்கிழமை பேசலாமா?” இதில் குற்றச்சாட்டு இல்லை, பொய்யும் இல்லை. “பணத்தை மறந்தே போயிட்டேன்” என்று மட்டும் சொல்லாதீர்கள். மறக்கவில்லை என்று அவருக்குத் தெரியும்.

‘இத்தனை நாள் கழித்துப் போய் நின்றால் கேவலமாக நினைப்பாளோ’ என்று தயங்கியிருக்கிறீர்கள். பெக்கி லியூ குழுவினர் 2022-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. சும்மா விசாரித்து ஒரு செய்தி அனுப்புபவர், அது எதிர்முனையில் எவ்வளவு சந்தோஷம் தரும் என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார். எதிர்பாராத நேரத்தில் வந்தால் அந்தச் சந்தோஷம் இன்னும் கூடுதல்.

பதிலே வரவில்லை என்றால்? அதற்கும் தயாராக இருங்கள். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே வகுப்பில் படித்தவர்களிடம் யார் யாரை நண்பராக நினைக்கிறார்கள் என்று கேட்டார்கள். தாங்கள் நண்பர் என்று நினைப்பவரும் தங்களை அப்படியே நினைப்பார் என்று 94 சதவீதம் எதிர்பார்த்தார்கள், நிஜத்தில் பொருந்தியது 53 சதவீதம். படித்தபோது எனக்கே கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. ஆனாலும் விட்டுவிடுவதா வேண்டாமா என்று இரண்டே பதிலுக்குள் இதை அடைக்காதீர்கள். டன்பாரின் கணக்கில் நம்மைச் சுற்றி வளையங்கள் உண்டு: உயிருக்கு நெருக்கமாக 5 பேர், நல்ல நட்பாக 15, பழக்கமாக 50, தெரிந்தவர்களாக 150. எண்கள் ஆளுக்கு ஆள் மாறும். பொறுப்பு கூடும் நாற்பதுகளில் ஒருவர் முதல் வளையத்திலிருந்து மூன்றாவதுக்கு நகர்வது சாதாரணம், சில ஆண்டு கழித்து உள்ளே திரும்பி வருவதும் உண்டு. கதவைச் சாத்தி, நம்பரை பிளாக் செய்தால் அந்த வழியும் போய்விடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தூக்கம் வரவில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி மனம் இறுகிக் கிடந்தால், எதிலும் நாட்டம் இல்லாமல் போனால், அது தோழியைப் பற்றிய வருத்தம் மட்டும்தானா என்று மனநல மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவிக்கான இலவச எண் 14416. தமிழிலேயே பேசலாம்.

இனிமேல் ஒரு தோழி

“மனசு ஒத்துப்போனால் போதும், பிசிராந்தையார் கோப்பெருஞ்சோழனை நேரில் பார்த்துப் பழகினாரா?” என்று கேட்டிருக்கிறீர்கள். பழகவில்லைதான். ஆனால் சோழன் வடக்கிருந்தபோது பாண்டிய நாட்டிலிருந்து நடந்து வந்து சேர்ந்தாரே! ஃபார்வர்ட் அனுப்பிவிட்டு இருந்துவிடவில்லை.

நம்மைப் போன்றவர்களுக்கு நட்பு என்பது நேரம். அமெரிக்காவில் ஜெஃப்ரி ஹால் என்பவர், புதிதாக ஊர் மாறியவர்களிடமும் கல்லூரி முதலாண்டு மாணவர்களிடமும் ஆராய்ந்து ஒரு கணக்குச் சொன்னார். தெரிந்தவர் ஓரளவு நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பர் என்று சொல்ல 90, நெருங்கிய நட்பாக 200-க்கு மேல். விடுதி அறையில் உங்கள் இருவருக்கும் முதல் மாதத்திலேயே இருநூறு தாண்டியிருக்கும். அதைத் தெய்வச் செயல் என்று எழுதியிருக்கிறீர்கள். அறை ஒதுக்கிய வார்டனுக்கும் அதில் கொஞ்சம் பங்கு கொடுங்கள். அலுவலகத்தில் ஒன்றாக வேலை பார்க்கும் மணிகள் இந்தக் கணக்கில் அவ்வளவாக ஏறுவதில்லை என்றும் ஹால் பார்த்தார். ஒன்பது மணி நேரம் கூடவே இருக்கும் சகஊழியர்களிடம் உங்களுக்கு ஒட்டுதல் வராததில் உங்கள் தப்பு இல்லை.

ஆனால் காலையில் பள்ளி வேனுக்காக கேட்டில் உங்களோடு நிற்கும் இரண்டாவது மாடிக்காரரை, “அது சும்மா பேச்சு, நட்பெல்லாம் இல்லை” என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்களே. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், வருஷத்துக்கு 200 பள்ளி நாள் என்று வைத்தால் 33 மணி. இரண்டு வருஷமாக நிற்கிறீர்கள், 66 ஆகிறது. முதல் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள், கவனிக்கவில்லை.

வௌவால்களைப் பற்றி 2020-ல் ஜெரால்ட் கார்ட்டர் என்ற இன்னொரு ஜெரால்ட் வெளியிட்ட ஆய்வு உண்டு. வெவ்வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து ஒன்றாக விடப்பட்ட வௌவால்கள், எடுத்த எடுப்பில் இரத்தம் ஊட்டிக்கொள்ளவில்லை. முதலில் ஒன்றின் உடலை ஒன்று நக்கிச் சுத்தம் செய்தன. அது கொஞ்ச நாள் நடந்த பிறகே சில ஜோடிகள் ஊட்டத் தொடங்கின. வேன் போன பிறகு, “ஒரு காபி குடிச்சிட்டுப் போங்களேன்” என்று ஒரு நாள் மேலே அழையுங்கள். கோயம்புத்தூர்த் தோழிக்கு மாற்றாக என்று நினைத்து அழைக்காதீர்கள், பாவம், அவருக்கு அது பெரிய சுமை. காபிக்கு மட்டும் அழையுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. கடிதம் முழுக்க அவரை “தர்ஷன் அம்மா” என்றே எழுதியிருக்கிறீர்கள். அவர் பெயர் என்ன என்று கேளுங்கள். அவர் போனிலும் நீங்கள் உங்கள் மகன் பெயரோடு ஓர் ‘அம்மா’ சேர்த்துத்தான் பதிவாகியிருப்பீர்கள். உங்கள் பெயரையும் சொல்லிவிடுங்கள்.